டிகாக்‌ஷன் ஏன் இறங்கவில்லை?

காப்பிப்பொடிக் கடை எங்கே என்று கும்பகோணத்திலோ மயிலாப்பூரிலோ யாரையும் கேட்க வேண்டியதில்லை. தெருமுனையிலேயே மூக்கு சொல்லிவிடும். அந்த வாசனையை எல்லோரும் மெச்சுகிறோம். கணக்குப் பார்த்தால் அது நமக்கு நஷ்டம். தெருவில் மணப்பது அவ்வளவும் டம்ளரில் மணந்திருக்க வேண்டியது.

வறுத்த காப்பிக்கொட்டையில் எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் 800க்கும் மேல் இருப்பதாக வேதியியலாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். 'இது காப்பி' என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில் பெரும்பங்கு கந்தகம் கலந்த ஒரே ஒரு சேர்மத்துக்கு உண்டு. ஃபர்ஃபியூரைல் தையால் என்று பெயர். மிக மிகக் கொஞ்சமாக இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். காற்றுப் பட்டால் அதே வேகத்தில் கெட்டும்போகும். கொட்டை முழுசாக இருக்கும்வரை இதெல்லாம் செல்சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, வறுக்கும்போது உண்டான கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து. அரைப்பது என்றால் அந்தச் சுவர்களை உடைப்பது.

எவ்வளவு உடைகிறது? ஒரு கொட்டையை 6 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நிஜக் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பு, கணக்குக்காகப் பொறுத்துக்கொள்வோம். அதை 0.3 மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் 8,000 துண்டு வரும். வெளியே தெரியும் மொத்தப் பரப்பு 20 மடங்காகிவிடும். வெந்நீருக்கு 20 மடங்கு வசதி. காற்றுக்கும் அதே 20 மடங்கு. முதல் வசதிக்காகத்தான் அரைக்கிறோம். இரண்டாவது, டப்பாவில் போட்டு மூடிய பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. நல்ல கொட்டை சில வாரம் தாக்குப்பிடிக்கும். பொடி சில நாளிலேயே சோர்ந்துவிடும். வீட்டில் அரைப்பதற்கு முதல் காரணம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. இரண்டு தலைமுறைக்கு முன் தஞ்சாவூர், திருச்சி வீடுகளில் பச்சைக்கொட்டை வாங்கி, இரும்புச் சட்டியிலோ கைப்பிடி வைத்த உருளையிலோ வறுத்து, பலகையில் திருகி மாட்டிய இரும்பு மிஷினில் அன்றன்றைக்கு அரைத்தார்கள். கைப்பிடியைச் சுற்றுவது பெரும்பாலும் பிள்ளைகள் தலையில் விழும். பிறகு கடைப்பொடி வந்தது, பாக்கெட் வந்தது, மிஷின் பரணுக்குப் போனது. இப்போது அதே கைமிஷின் அலுமினிய உடம்போடு, பென்சில் டப்பாவைவிடக் கொஞ்சம் பருமனாகத் திரும்பி வந்திருக்கிறது. பிரான்சில் இன்று கார் கம்பெனியாக அறியப்படும் பெஜோ 1840-லேயே காப்பி மிஷின் செய்தது. கார் செய்யப் போனது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. பழைய பெஜோ மிஷினின் உள்ளே பார்த்தாலும் இன்றைய மிஷினின் உள்ளே பார்த்தாலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றேதான்: பல் வெட்டிய ஒரு கூம்பு, அதைச் சுற்றிப் பல் வெட்டிய ஒரு வளையம். விற்பவர்கள் இதை 'பர்' என்பார்கள்.

அது இருக்கட்டும். மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு? நியாயமான கேள்வி.

பச்சைக்கொட்டையை மிக்ஸியில் போட்டால் பிளேடுதான் பாழாகும். அதில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்கிறது. அழுத்தினால் உடையாமல் வளைந்து கொடுக்கும், நொறுங்காமல் எதிர்த்து நிற்கும். வறுத்ததும் ஈரம் இரண்டு மூன்று சதவீதமாகச் சுருங்கி, உள்ளே துளை துளையாகி, தட்டினால் நொறுங்கும் பண்டமாகிறது. கறுக்க வறுத்தால் இன்னும் எளிதில் நொறுங்கும். இளவறுவல் கொட்டை மிஷின் கைப்பிடியில் கையை வலிக்க வைக்கும். ஆகவே வறுத்த கொட்டையை உடைப்பது மிக்ஸிக்குப் பெரிய காரியம் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் அதற்குத் தெரியாது. பிளேடு நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றி, எதிரே வந்ததை அடிக்கிறது. பொடியானது வெளியேற வழி கிடையாது. ஏற்கெனவே மாவானதே மறுபடி மறுபடி அடிபடுகிறது. ஓரத்தில் ஒதுங்கிய அரைக்கொட்டை தப்பித்துக்கொள்கிறது. கடைசியில் ஜாரைத் திறந்தால் மாவும் குருணையும் ஒன்றாகக் கிடக்கும். இன்னும் ஒரு சுற்று ஓட்டினால் குருணை குறையும், மாவு கூடும், ஜாரும் சுடும்.

உளுந்து உடைத்த திருகையைப் பார்த்தவர்களுக்கு மாற்று வழி உடனே புரியும். கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும், நடுவில் ஓர் இடைவெளி. இடைவெளியைவிடச் சின்னதானது ஓரத்தில் வந்து விழும். பெரியது உள்ளேயே கிடந்து இன்னும் அரைபடும். காப்பி கிரைண்டர் என்பது இடைவெளியைத் திருகி மாற்றிக்கொள்ளக்கூடிய திருகை, அவ்வளவுதான். மிக்ஸியில் அரைக்கும் நேரம்தான் பொடியின் அளவைத் தீர்மானிக்கிறது. இதில் இடைவெளி தீர்மானிக்கிறது. இன்று வைத்த இடத்திலேயே நாளைக்கும் வைத்தால், ஏறத்தாழ இன்றைய பொடியே நாளைக்கும் கிடைக்கும்.

இந்த 'அதே பொடி' நம் ஃபில்டருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? எஸ்பிரஸோ மிஷினில் அழுத்தம் இருக்கிறது. கையால் ஊற்றி வடிப்பவர்கள் வேகமாக ஊற்றலாம், மெதுவாக ஊற்றலாம். பிரெஞ்சு பிரஸ்ஸில் நினைத்த நேரத்தில் அமுக்கி நிறுத்தலாம். நம் பித்தளை ஃபில்டரில் பொடியைப் போட்டு வெந்நீரை ஊற்றி மூடிவிட்டால் அப்புறம் நமக்கு அங்கே வேலை இல்லை. புவியீர்ப்புதான் மிச்சத்தைச் செய்கிறது. தண்ணீர் எவ்வளவு நேரம் பொடியோடு தங்கும் என்பதைப் பொடியின் அளவுதான் முடிவு செய்கிறது. வேறு குழாய் கிடையாது, திருகிக் குறைக்க.

பொடிக்கடைக்காரர்களுக்கு இது அத்துப்படி. மிஷினைப் போடுமுன், "எவர்சில்வர் ஃபில்டரா மாமி, பித்தளையா?" என்று கேட்கிற கடைகள் உண்டு. "போன வாரம் குடுத்தது இறங்கவே இல்லப்பா, ராத்திரி போட்டது காலைல பாத்தா மேலயே நிக்கிறது" என்று புகார் வரும். "ஒரு பாயிண்ட் தள்ளி அரைச்சுத் தரேன்" என்று சக்கரத்தை லேசாகத் திருப்புவார். அந்த ஒரு பாயிண்டுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் கொஞ்சம் ரசமானது.

1856-ல் பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி ஹென்றி டார்சி என்ற பொறியாளர் ஒரு நூல் வெளியிட்டார். மணல் நிரப்பிய குழாய் வழியாகத் தண்ணீர் என்ன வேகத்தில் இறங்குகிறது என்று அவர் அளந்திருந்தார். மேலே நிற்கும் நீரின் உயரம் கூடினால் வேகம் கூடும். மணல் படுகையின் தடிமன் கூடினால் வேகம் குறையும். நிலத்தடி நீர் ஆய்வுக்கெல்லாம் இன்றைக்கும் இதுதான் அரிச்சுவடி. மணலின் பருமன் என்ன செய்யும் என்பதை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்: நீர் இறங்கும் வேகம் துகளின் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. குறுக்களவு பாதியானால் வேகம் கால் பங்காகும்.

இது ஒரு வர்க்கம். துகளுக்குள்ளே இன்னொரு வர்க்கம் இருக்கிறது. நடுவிலுள்ள சாரம் ஊர்ந்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்ததே. துகள் பாதியானால் நேரம் கால் பங்கு போதும். ஆக, நைஸாக அரைத்தால் தண்ணீர் அதிக நேரம் தங்குகிறது. சாரம் வெளிவரத் தேவையான நேரமோ குறைகிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. துகளை வெறும் 10 சதவீதம் சின்னதாக்கினால், இரண்டையும் பெருக்கிப் பார்க்கையில் சாரம் இறங்குவதற்கான வாய்ப்பு ஒன்றரை மடங்காகிறது. சுத்தமான கணிதத்தில் வரும் எண் இது. நிஜப் பொடியில் இத்தனை துல்லியமாக வராது. ஆனாலும் மிஷினில் இடைவெளியைத் திருகும் வளையத்தை ஒரு கிளிக் தள்ளினால் நேற்றைய காப்பிக்கும் இன்றைய காப்பிக்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறதே, அந்தப் புதிருக்கு விடை இங்கேதான்.

விருந்தாளி வந்த அன்று டிகாக்‌ஷன் மக்கர் பண்ணுவதற்கும் டார்சியிடம் பதில் உண்டு. வழக்கமான அதே ஃபில்டரில் இரண்டு பங்கு பொடி போட்டால் படுகையின் தடிமன் இரட்டிப்பாகிறது, நீர் பாதி வேகத்தில் இறங்குகிறது. அன்றைக்கு மட்டும் ஒன்றிரண்டு கிளிக் கொரகொரப்பாக அரைத்துக்கொண்டால் தீர்ந்தது. கடைப்பொடியில் இந்தச் சலுகை கிடையாது.

இதுவரை எல்லாத் துகளும் ஒரே அளவு என்று பாவித்தே பேசினோம். நிஜத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிஷினிலும் அப்படி வருவதில்லை. நொறுங்கும் பண்டம் உடையும்போது பெரிய துண்டுகள் இரண்டுக்கு நடுவே தூசியும் கிளம்பும். பொடியை அளக்கும் கருவியில் பார்த்தால் இரண்டு குன்று தெரியும். ஒன்று நாம் வைத்த இடைவெளிக்கு ஏற்ப நகரும். மற்றது, மைக்ரான் கணக்கில் ஏறத்தாழ நாற்பது ஐம்பதுக்குப் பக்கத்தில், நாம் என்ன செய்தாலும் பெரிதாக நகராமல் நிற்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். கொட்டையின் ஒரு செல்லும் இந்த நாற்பது ஐம்பது அளவில்தான் இருக்கிறது. அதாவது இந்தத் தூசி உடைந்த செல்களின் சில்லு. நல்ல மிஷின் இதை ஒழிப்பதில்லை, குறைக்கிறது. மழுங்கிய பல்லும் ஆடும் தண்டும் இதைப் பெருக்குகின்றன.

தூசி செய்யும் குறும்பு இரண்டு. நீரோடு கீழே இறங்கி, பெரிய துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளை அடைத்துவிடுகிறது. 'மேலேயே நிக்கிறது' என்கிற புகாரில் பாதிக்கு இதுவே காரணம். அடுத்து, வெந்நீர் பட்டதும் தன் சாரம் முழுவதையும் முதலிலேயே கொடுத்துவிட்டு, பிறகு கசப்பையும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பையும் விடத் தொடங்குகிறது. அதே நேரத்தில் குருணையின் நடுப்பகுதி நனைந்துகூட முடிந்திருக்காது. புளிப்பும் மணமும் தரும் சின்ன மூலக்கூறுகள் முதலில் கரையும். கசப்பானவை பின்னால் வரும். மாவும் குருணையும் கலந்த பொடியில் ஒரு பக்கம் வேகாத புளிப்பு, மறுபக்கம் முற்றிய கசப்பு, இரண்டும் ஒரே டம்ளரில்.

வறுத்த காப்பியின் எடையில் தண்ணீரில் கரையக்கூடியதே சுமார் 30 சதவீதம்தான். மீதி மரத்தூள் மாதிரி கிடக்கும் சக்கை. அந்த 30-ஐயும் இறக்கிவிடுவது நல்லதில்லை. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எர்னஸ்ட் லாக்ஹார்ட், 18 முதல் 22 சதவீதம்வரை இறங்கினால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டார். காப்பித் தொழிலில் இன்றும் அதைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அது பால் கலக்காத அமெரிக்கக் காப்பிக்கான கணக்கு. நம் கணக்கு வேறு. இங்கே உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் அரவையின் நுணுக்கங்கள் பல மறைந்துவிடும். பாலிலுள்ள கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது, கொழுப்பு நாக்கில் ஒரு பூச்சுப் போடுகிறது, சர்க்கரை கசப்பை அமுக்குகிறது. கறுப்புக் காப்பிக்காரர்கள் சிலாகிக்கும் பூவாசனை, பழவாசனையெல்லாம் டபராவில் ஆற்றிய காப்பியில் தேடுவது வீண்வேலை. அதனால் பல ஆயிரம் ரூபாய் கிரைண்டர் வாங்கினால்தான் ஃபில்டர் காப்பி உருப்படும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாலோடு சேரும்போது தெரியும் வித்தியாசம் இரண்டே: பொடி புதுசா, டிகாக்‌ஷன் திக்கா. இரண்டுக்கும் நடுத்தர மிஷின் போதும். ஒரு வாரத்துக்கு மட்டும், 100 கிராமாக, கண்முன்னால் அரைத்துத் தரும் கடை பக்கத்தில் இருந்தால் மிஷினே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

மிக்ஸிதான் இருக்கிறது என்றால் அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தலாம். மசாலா பக்கமே போகாத சின்ன ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாமல், விட்டு விட்டு இரண்டிரண்டு வினாடி ஓட்டி, நடுநடுவே ஜாரைக் குலுக்கி, ரவை சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே நின்ற குருணையை மட்டும் திரும்பப் போட வேண்டும். திருகையின் இடைவெளி செய்யும் வேலையை இங்கே சல்லடை செய்கிறது. காலை ஆறு மணிக்கு இதைச் செய்யப் பொறுமை இருக்கிறவர்களுக்கு என் வணக்கம்.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் எதைப் பார்ப்பது? வெளி அழகையும் மரக்கைப்பிடியையும் விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். பர் மாட்டியிருக்கும் நடுத்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப்பார்த்தால் ஆடக் கூடாது. மேலும் கீழும் இரண்டு இடத்தில் பேரிங் வைத்திருந்தால் ஆடாது. மலிவான பீங்கான் பர் மிஷின்களில் தண்டு ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் தொளதொளவென்று நிற்கும். சுற்றும்போது கூம்பு ஒரு பக்கம் ஒதுங்கி, ஒரு பக்கம் இடைவெளி கூடி மறுபக்கம் குறையும். ஒரே சுற்றில் குருணையும் மாவும் வரும். கடைக்காரர் அனுமதித்தால் பத்துக் கொட்டையைக் கொரகொரப்பாக அரைத்து ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். நைஸாக அரைத்தால் எல்லா மிஷினும் யோக்கியன்போலத்தான் தெரியும். கொரகொரப்பில்தான் குட்டு வெளிப்படும்.

பர் உருக்கா, பீங்கானா? பீங்கான் துருப்பிடிக்காது, சீக்கிரம் மழுங்காது. ஆனால் கொட்டையோடு ஒரு பொடிக்கல் வந்துவிட்டால் பல் தெறித்துவிடும். களத்தில் காயவைத்த நம்மூர்க் கொட்டையில் கல் வருவது உலக அதிசயம் இல்லை. கூர்மையாகக் கடைந்த உருக்கு, வெட்டுவதிலும் பீங்கானைவிட மேல். என் ஓட்டு உருக்குக்கே.

அடுத்தது கிளிக். திருகும் வளையம் ஒரு கிளிக் நகர்ந்தால் பர் எவ்வளவு மேலே கீழே போகிறது என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். ஜெர்மனியின் கமாண்டான்டே சி40-ல் சுமார் 30 மைக்ரான். சீனாவிலிருந்து வரும் டைம்மோர் சி2-ல் 80-ஐ ஒட்டி. கொரகொரப்பாக அரைக்கும் முறைகளுக்கு 80 ஒன்றும் மோசமில்லை. நம் ஃபில்டருக்கு வேண்டிய பொடி எஸ்பிரஸோவுக்குச் சற்று மேலே, பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு வெகு கீழே இருப்பது. அந்த இடத்தில் கிளிக் பெரிதாக இருந்தால், ஒரு கிளிக்கில் தண்ணியாக ஓடும், அடுத்ததில் அடைத்துக்கொள்ளும், நடுவில் நிற்க இடம் இருக்காது. வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்காமல் வாங்காதீர்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் போட மாட்டார்கள்.

கைமிஷினா, கரண்ட் மிஷினா என்பது வீட்டில் எத்தனை டம்ளர் என்பதைப் பொறுத்தது. கைமிஷினில் ஒரு தடவைக்கு 20, 30 கிராம்தான் கொள்ளும். நைஸாக அரைக்க ஒன்றிரண்டு நிமிஷம் விடாமல் சுற்ற வேண்டும். இரண்டு பேர் குடிக்கும் வீட்டுக்குத் தாராளம். ஆறு பேர் குடும்பத்தில் காலையும் மாலையும் 50, 60 கிராம் சுற்றச் சொன்னால் பத்தாம் நாள் மிஷின் பரணில் இருக்கும். அந்த வீட்டுக்குக் கூம்பு பர் வைத்த கரண்ட் மிஷின்தான் சரி. அதில் ஒரு சின்னக் குறை: கொஞ்சம் பொடி உள்ளேயே தங்கி மறுநாள் பொடியோடு வரும். லேசாகத் தட்டிவிட்டால் குறையும்.

மிஷின் வந்ததும் முதல் வேலை, பூஜ்யம் எங்கே என்று பார்ப்பது. கொட்டை போடாமல், பர் இரண்டும் லேசாகத் தொட்டுக்கொள்ளும்வரை வளையத்தை இறுக்குங்கள். அதுதான் பூஜ்யம், அங்கிருந்து கிளிக்கை எண்ணுங்கள். கொட்டை உள்ளே கிடக்கும்போது இறுக்கக் கூடாது, சிக்கிய துண்டுகள் பர்ரை நெரிக்கும். கரண்ட் மிஷினாக இருந்தால் ஓடும்போதுதான் நைஸ் பக்கம் திருப்ப வேண்டும். பொடியை விரலிடையில் தேய்த்தால் நறநறப்புத் தெரிய வேண்டும். மாவாக வழுக்கினால் போய்விட்டீர்கள் ரொம்ப தூரம்.

பிறகு கடிகாரம். 20 கிராம் பொடி, 120 மில்லி வெந்நீர் என்று வைத்துக்கொள்வோம். பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு நீரைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக 40 மில்லி போக 80 மில்லிதான் கீழே வரும். அளவு குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். அந்த 80-ல் பெரும்பகுதி ஒரு பதினைந்து நிமிஷத்தில் இறங்கினால் அரவை சரி. ஐந்து நிமிஷத்திலேயே சலசலவென்று இறங்கி, பாலில் விட்டதும் நிறம் எடுபடவில்லையென்றால் ஒரு கிளிக் நைஸாக்குங்கள். அரை மணி ஆகியும் மேலே குளம் நின்றால் ஒரு கிளிக் தள்ளுங்கள். காத்திருந்தால் இறங்கிவிடுமே என்றால் இறங்கும், ஆனால் அதற்குள் நீர் ஆறிவிடும். ஆறிய நீரில் சாரம் சரியாக இறங்காது. கிளிக் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அன்றே பொடியின் எடையையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

மிக நைஸாக அரைத்தால் டிகாக்‌ஷன் திக்காக வரும் என்பது பொதுவான நம்பிக்கை. ஓர் எல்லைக்கு மேல் அது தலைகீழாகும். 2020-ல் எஸ்பிரஸோவை வைத்துக் கணித மாதிரியும் சோதனையும் செய்த ஒரு குழு, அளவுக்கு மீறி நைஸாக அரைத்தால் படுகையின் சில பகுதிகள் அடைத்துக்கொண்டு நீர் மீதிப் பகுதிகள் வழியே மட்டும் பாய்கிறது, மொத்தச் சாரம் குறைகிறது என்று எழுதியது. கொஞ்சம் கொரகொரப்பாக்கியதும் சாரம் கூடியது. ஃபில்டரில் அழுத்தம் இல்லை, ஆனால் ஓரத்தோடு நழுவி இறங்கும் தண்ணீரை நாமும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாளில் சக்கையைக் கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் காய்ந்த பொடி இருக்கும்.

புதிதாக அரைத்த பொடிக்கு இன்னொரு குணம்: வெந்நீர் விட்டதும் நுரைத்துப் பொங்கும். உள்ளே அடைபட்டிருந்த கார்பன் டை ஆக்சைடுதான். குமிழ்கள் நீரின் வழியை மறிக்கும். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் விட்டு, அரை நிமிஷம் பொங்கி அடங்கவிட்டு, மீதியை ஊற்றினால் தொல்லை இல்லை. பழைய பாக்கெட் பொடியில் இந்தப் பொங்கலே இருக்காது.

சிக்கரியை என்ன செய்வது? காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்தியச் சட்டம். விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். வறுத்த சிக்கரி வேர் காப்பியைவிட வெகு அதிகமாக, பாதிக்கு மேல் கரையும். டிகாக்‌ஷன் கறுத்துக் கெட்டியாக இறங்குவது அதனால்தான். கூடவே நீர் இறங்குவதையும் அது மட்டுப்படுத்தும். அதைக் கிரைண்டரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஈரத்தைக் கண்டால் இழுத்து வைத்துக்கொள்ளும் பண்டம். பர்ரின் பல்லிடுக்கில் பிசினாக ஒட்டிக்கொண்டால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சிக்கரியைப் பொடியாகவே தனியே வாங்கி, அரைத்த காப்பியோடு கலந்துகொள்வதே உத்தமம். சிக்கரியைக் கூட்டினால் அரவையை ஒரு கிளிக் தள்ளுங்கள்; குறைத்தால் இறுக்குங்கள்.

அரைத்து முடித்துத் திறக்கும்போது பொடி கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, மேடையெல்லாம் தெறிக்கும். உராய்வால் உண்டாகும் நிலைமின்சாரம் அது. எரிமலைப் புகையில் மின்னல் எப்படி உண்டாகிறது என்று ஆராயும் ஜோஷுவா மெண்டெஸ் ஹார்ப்பரும், ஓரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் சேர்ந்து 2023-ல் இதை அளந்தார்கள். எரிமலைச் சாம்பலும் காப்பிப்பொடியும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி: காய்ந்த துகள், உரசல், மின்னேற்றம். கறுக்க வறுத்த, ஈரம் குறைந்த கொட்டையிலும், நைஸான அரவையிலும் இது அதிகம். மருந்து எளிது: அரைக்குமுன் கொட்டையின் மேல் சில துளி தண்ணீர் தெளித்துக் கிளறிவிடுவது. காப்பிப் பிரியர்கள் ஆராய்ச்சி வரும் முன்பே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவது குறைந்து, எஸ்பிரஸோவில் சாரமும் கூடியது என்பதுதான் அந்த ஆராய்ச்சி புதிதாகச் சொன்னது. துளி என்றால் துளிதான். கைப்பிடித் தண்ணீர் விட்டால் உருக்கு துருவேறும்.

பர்ரைத் தண்ணீரில் கழுவ வேண்டியதே இல்லை. கறுக்க வறுத்த கொட்டையில் எண்ணெய் மேலே கசிந்து பல்லில் படியும். நாள்பட்டால் சிக்கு வாடை வரும். மாதம் ஒருமுறை கழற்றிக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். அரிசியைப் போட்டு ஓட்டினால் சுத்தமாகும் என்பார்கள். அரிசி வறுத்த கொட்டையைவிடக் கெட்டியானது, மோட்டாருக்கும் பல்லுக்கும் ஆகாது. மிளகு, தனியா எதையும் அதில் போட்டு அரைக்க வீட்டில் யாரையும் விடாதீர்கள். அடுத்த வாரக் காப்பி ரசமாக இருக்கும்.

கொட்டையை மொத்தமாக வாங்கிவிட்டால் ஃப்ரீசரில் வைக்கலாமா? வைக்கலாம், லாபமும் உண்டு. 2016-ல் ஹெண்டன் இருந்த ஒரு குழு, அறை வெப்பத்திலிருந்து திரவ நைட்ரஜன் குளிர்வரை கொட்டையைக் குளிரவைத்து அரைத்துப் பார்த்தது. குளிர்ந்த கொட்டை இன்னும் நொறுங்கலாக உடைந்து, பொடி மேலும் சின்னதாகவும் மேலும் ஒரே சீராகவும் வந்தது. ஆகவே ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு அரைக்கலாம். அறை வெப்பத்துக்கு வரக் காத்திருக்க வேண்டாம். பொடி வழக்கத்தைவிட நைஸாக வரும் என்பதால் கிளிக்கை ஒன்று தள்ளிக்கொள்ளுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது டப்பா விஷயத்தில்: குளிர்ந்த கொட்டையைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்து நிற்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்து, எடுத்த பொட்டலத்தைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்காமல் தீர்த்துவிடுவது நல்லது.